மூன்றாவது நட்டு

ஆறு ஐந்துக்குக் கழனிவாசலில் சாவி திருகுவேன்.
பின் சீட்டில் ஐஸ் பெட்டி,
ஊசி, பஞ்சு, ஊதா மூடிக் குழாய், சிவப்பு மூடிக் குழாய்.
கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் என்று
வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பதினாறு பேர்.

வண்டி இரண்டாயிரத்து மூன்று இண்டிகா.
எனக்கு முன்னால் ஒரு வட்டிக்கடைக்காரரும்
ஒரு கல்யாணச் சமையல்காரரும் ஓட்டியது.
மழை நாளில் சீட்டில் இன்னும் பட்டை வாசம் வரும்.

டீசல் என்றால் சத்தம் போடத்தான் செய்யும்.
இது அந்தச் சத்தம் இல்லை.
இரும்பு உரலில் யாரோ வெற்றிலை இடிப்பதுபோல்
டொக், டொக்.
காலையில் கூடும். சூடேறினால் குறையும்.
ஆக்சிலேட்டரை மிதித்தால் மறுபடி முளைக்கும்.

கேட்ட எல்லோரும் கண்டுபிடித்தார்கள்.
டேப்பெட்தான் என்றார் டீக்கடையில் ஒருவர்,
கிளாஸைக் கீழே வைக்காமலே.
பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்,
நாற்பதாயிரம் ஆகும் என்றது ஒரு பெரிய ஷெட்.
லீமா ஒரே சொல்லில் முடித்தாள்: வித்துரு.

லேப் வேலையில் நான் கற்றது கொஞ்சம்தான்.
ரத்தம் எடுக்காமல் நோய்க்குப் பேர் வைக்கக்கூடாது.

யாகூப்பிடம் போனேன். என்னைவிட நாலு வயது இளையவர்.
பள்ளிக்கூட நாளில் கண்மாய்த் தண்ணீர் புகுந்து
சீழ் வைத்ததில் இரண்டு காதும் மந்தம்.
சத்தத்தைக் காட்ட நான் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.
நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி
கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டார்.
கண் மூடியிருந்தது.
"காதுன்னா ஊரையும் சேர்த்துக் கேக்கும்,
தாடைக்கு இது மட்டும்தான்."

பிறகு பதினேழாம் நம்பர் ஸ்பானர்.
வண்டி ஓட ஓட
இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தினார்.
முதலாவது: டீசல் கசிந்தது, இன்ஜின் நொண்டியது,
டொக் அப்படியே.
இரண்டாவதும் அதே கதை.
மூன்றாவதில் கால் சுற்று.

இல்லை.
இன்ஜின் ஓடுகிறது, ஒரு கால் தூக்கிய நாய் மாதிரி,
டொக் மட்டும் இல்லை.
அடுத்த கடை ரேடியோவில் நெல் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
இறுக்கினார், வந்தது. தளர்த்தினார், போனது.
நாலாவதையும் விடாமல் பார்த்தார்.
எனக்காக இல்லை, அவருக்காக.

"பேரிங் நல்லாருக்கு. நாசில்தான்.
தூறணும், இது சொட்டுது."
கழற்றி பம்பில் மாட்டிக் காட்டினார்.
மற்றவை புகையாய்ப் பீய்ச்ச
இது ஜலதோஷம் பிடித்த மூக்காய் ஒழுகியது.
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
நாற்பதாயிரம் கேட்ட ஷெட்டின் பேரை
நான் யாரிடமும் சொல்லவில்லை.
கேட்டால் சொல்வேன்.

திங்கட்கிழமை பள்ளத்தூர்.
ஒரு வீதியில் முன்வாசல், மறு வீதியில் பின்வாசல் வைத்த வீடு.
காலிங் பெல் மூன்று கட்டு தாண்டி அடுப்படிக்குப் போகாது.
அங்கேதான் இருப்பார் சோலைமலை,
வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
ஒன்பது மாதத்தில் அவருக்கு நான் ஹாரன் அடித்ததே இல்லை.
தெரு திரும்பும்போதே
சட்டைக் கையை மடித்தபடி வாசலில் நிற்பார்.

இன்றைக்கு ஆள் இல்லை.
கதவு வளையத்தை ஆட்டினேன். போன் அடித்து ஓய்ந்தது.
மணி ஏழு இருபது, ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது.
வண்டியைச் சுற்றி ஓட்டிப் பின்வாசலுக்குப் போனால்
கையில் சட்னியோடு வருகிறார்.

"சத்தமே காணோமே,
வரலைன்னு நினைச்சு ரெண்டு இட்லி தின்னுட்டேன்."

படிவத்தில் வெறும் வயிறு என்பதை அடித்து
எப்போது சாப்பிட்டார் என்று கேட்டு எழுதினேன்.
ஒன்பது மணிக்கு மறுபடி வர வேண்டும்.

சாவி திருகினேன்.
சோலைமலை குனிந்து பானெட்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.

"இது வேற வண்டியா?"